கொடியில் காய்ந்த ஏரோகிராம்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்
12.1.2025

அன்புள்ள நெட்டை,

உன் வாட்ஸ்அப் செய்தி வந்தது. வெள்ளம் வடிந்ததா, தங்கை எப்படி இருக்கிறாள், தேவனாம்பட்டினத்துப் பெண்ணின் படிப்புக்கு இந்த வருடம் எவ்வளவு அனுப்பட்டும் என்று மூன்று கேள்வி. கட்டைவிரலால் பதில் தட்டப் பார்த்தேன், சரிப்படவில்லை. முப்பத்தைந்து வருடம் தபாலாபீசில் குப்பை கொட்டியவனுக்குப் பேனா பிடித்தால்தான் கை ஓடும். பேரன் ஸ்கேன் செய்து அனுப்புவான்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. 2011-இல் ‘தானே’ புயல் அடித்த அடியைப் பார்த்த நமக்கு இந்தக் காற்று ஒன்றுமே இல்லை. மழைதான் கொட்டித் தீர்த்துவிட்டது. சாத்தனூர் அணையையும் திறந்துவிட, டிசம்பர் 2-ஆம் தேதி தென்பெண்ணை கரை மீறி வந்தது. குண்டுஉப்பலவாடியில் உன் தங்கை வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர். அவளை முதல் நாளே இங்கே கூட்டி வந்துவிட்டோம். மூட்டுவலிதான், மற்றபடி சௌக்கியம். ஃபிரிட்ஜ் போயிற்று, மெத்தை போயிற்று. அதற்கெல்லாம் அவள் கவலைப்படவில்லை. "கட்டிலுக்கு அடியில தகரப் பெட்டி, தகரப் பெட்டி" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் நானும் என் மகனும் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தோம். நகைநட்டு இருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். திறந்தால் நீல ஏரோகிராம்கள், வெளிநாட்டிலிருந்து ஒரே தாளில் எழுதி மடித்து ஒட்டி அனுப்புவார்களே, அவைதான். நூறுக்குக் குறையாது. எல்லாம் நீ எழுதியவை. ஈர அப்பளம் போல ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து மொட்டைமாடிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டோம். கிளிப் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கினேன். நல்லவேளை, நீ பால்பாயின்ட் பேனாக்காரன். அவள் உனக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த சில காகிதங்கள் இங்க் பேனா. அவற்றில் ஊதாக் கறைதான் மிச்சம். என்ன எழுதியிருந்தாள் என்று நான் கேட்கவில்லை.

காயும்வரை காவலுக்கு உட்கார்ந்தேன். காவலுக்கு உட்கார்ந்தவன் படிக்காமல் இருப்பானா?

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனிலிருந்து ஐந்து வருடம் சிதம்பரத்துக்கு மீட்டர் கேஜ் ரயிலில் சீசன் டிக்கெட்டில் போய் பி.இ. படித்தவன் நீ. ஹாஸ்டலுக்குப் பணம் ஏது? படித்து முடித்தால் நெய்வேலிதான் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. ஆனால் அப்போது இன்ஜினியர்களே எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்ற காலம். 1974-இல் நீ அமெரிக்காவுக்குப் புறப்பட்டபோது அரசாங்கம் கையில் கொண்டுபோக விட்டது எட்டு டாலர். அன்றைய கணக்கில் அறுபத்தைந்து ரூபாய். விமான டிக்கெட்டுக்கு உன் அம்மாவின் வளையல் போனதும், மூன்றாவது வருடமே நீ அதை மீட்டதும் எனக்குத் தெரியும். மணியார்டர் விஷயமெல்லாம் என்னிடம் மறைக்க முடியாது.

தெரியாமல் இருந்தது கடிதத்தின் உள்பக்கம். தபால் பிரிக்கும் சார்ட்டிங்கில் உன் கடிதத்தை முதலில் பார்ப்பவன் நான், சாயங்காலம் அவள் கையில் கொடுப்பவனும் நான். "அண்ணா என்ன எழுதியிருக்கான்" என்றால் "கணக்கு" என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றிருந்தேன். உண்மையாகவே கணக்கு! மேலே நாலு வரி: அம்மாவுக்கு மாத்திரை, தம்பிக்கு ஃபீஸ், கூரைக்கு ஓடு மாற்றியாயிற்றா. கீழே முழுக்க அவளுடைய பி.எஸ்சி. பாடம். ஏரோகிராமுக்குள் எதுவும் வைக்கக் கூடாது என்பதால் கிராஃப் தாளுக்கும் வழியில்லை. ஸ்கேல் வைத்து நீயே கட்டம் போட்டிருக்கிறாய், மடிப்பு விழும் இடத்தை விட்டுவிட்டு. பகலில் படிப்பு, ராத்திரி லேபில் வேலை, நடுவில் எப்போது போட்டாய் இதையெல்லாம்?

1977 கார்த்திகையில் உன் அம்மா போனாள். தந்தி கொடுத்தவன் நான். நீ வரவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டு வெளியேறினால் அது போச்சு என்று காரணம் எழுதினாய். டிக்கெட்டுக்குப் பணமும் இருந்திருக்காது. கொள்ளி வைத்தது உன் தம்பி. அப்போது உன்மேல் எனக்கு இருந்த கோபத்தை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் உனக்கு எழுதாமல் இருந்தேனே, வேலை அதிகம் என்று சொன்னது பொய்.

அந்தக் கடிதமும் கொடியில் தொங்கியது. அம்மாவைப் பற்றி மூன்று வரி. அப்புறம் நேரே சுருள்வில்லில் தொங்கும் எடை, அதன் அதிர்வு, வகைக்கெழுச் சமன்பாடு. படம் அழகாக இருக்கிறது, அலை சிறுத்துச் சிறுத்து அடங்குகிறது. ஆனால் சமன்பாட்டில் உராய்வுக்குக் கூட்டல் போட வேண்டிய இடத்தில் கழித்தல் போட்டிருக்கிறாய். அப்படிப் போட்டால் அதிர்வு அடங்காதாம், ஏறிக்கொண்டே போகுமாம். எனக்கு ஏது இதெல்லாம் தெரியும், தங்கை சொன்னதுதான். அந்தக் குறியைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். அன்றைக்கே பார்த்திருக்கிறாள். "அண்ணன் போட்டதுல அது ஒண்ணுதான் தப்பு, சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

அவள் மகன் விஷயம் உனக்கே தெரியும். நீ போனபோது அமெரிக்காவின் 1965 குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருந்தது. இவன் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறான், எந்த நாட்டுக்கும் ஏழு சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற கணக்கில். வீசாவுக்குப் பயந்து நாலு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. இவன்மேல் கோபம் வரவில்லை எனக்கு. வயதாகிவிட்டதோ என்னவோ.

சரி, மூன்றாவது கேள்வி. தேவனாம்பட்டினத்துப் பெண்ணுக்குப் பணம் வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்தவள், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தவள். கல்லூரிக் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் அரசாங்கமே கட்டுகிறது, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரமும் வருகிறது. அவளுக்குச் சிக்கல் கணக்கில். முதல் வருடப் பேப்பர் இன்னும் அரியர். தமிழில் படித்துவிட்டுப் போனவளுக்கு அங்கே பாடம் ஓடுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. தங்கைதான் சனி ஞாயிறு சொல்லிக்கொடுத்தாள், இப்போது கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

ரிட்டையர் ஆகி உட்கார்ந்திருக்கிறாய். வாரம் ஒரு தாள் எழுது. வீடியோவெல்லாம் வேண்டாம், பிள்ளை கூச்சப்படுகிறாள். தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பு, நான் பிரின்ட் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். என் பழைய வேலைதானே.

நாளைக்கு ஆருத்ரா. களிக்கு வெல்லம் வாங்க இப்போதே துரத்துகிறாள் வீட்டுக்காரி. முதல் கணக்காக அந்தச் சுருள்வில்லையே அனுப்பச் சொல்கிறாள் உன் தங்கை. இந்தத் தடவை கூட்டலாம்.

உன்,
குட்டை