அதிர்வெண் இறங்கினால் விரிசல்தானா?

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததில் எங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

பாலத்தின் முதல் இயல்பு அதிர்வெண் (அது தானாக ஆடும்போது விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பது) 3 சதவீதம் இறங்கியிருக்கிறது, கர்டரில், அதாவது பாலத்தைத் தாங்கும் முதன்மை உத்தரத்தில், விரிசல் என்று அறிக்கை எழுதலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு எழுதாதே. முதலில் பேரிங்கில், அதாவது கர்டரின் முனை உட்காரும் தாங்கியில், உராய்வு என்ன செய்கிறது என்று பார்.

30 மீட்டர் கண் (இரண்டு தாங்கிகளுக்கு இடைப்பட்ட பகுதி) ஒன்றை எடுத்துக்கொள். நகரும் பேரிங் நடுநிலை அச்சுக்கு (வளையும்போது நீளவோ சுருங்கவோ செய்யாத மட்டத்துக்கு) 1.2 மீட்டர் கீழே இருந்தால், நடுக்கண் 1 மி.மீ. இறங்கும்போது அது 0.25 மி.மீ. நகர வேண்டும். காற்றில் நடுக்கண் 0.02 மி.மீ. ஆடினால் பேரிங்கின் பங்கு வெறும் 5 மைக்ரான். 600 கிலோநியூட்டன் சுமை, உராய்வுக் கெழு 0.05 என்றால், கிடைமட்ட விசை 30 கிலோநியூட்டனைத் தாண்டாமல் அது நழுவாது. அதனால் அமைதியான நேரத்தில் பேரிங் இறுகி நிற்கும், அதிர்வெண் ஏறும். கனரக லாரி போனால் நழுவும், அதிர்வெண் இறங்கும். கர்டரில் எந்தக் குறையும் இல்லாமலே இரண்டு எண்கள்!

1993-இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் ஐ-40 பாலத்தின் கர்டரைப் படிப்படியாக வெட்டிச் சோதித்தது உனக்குத் தெரியும். வெட்டுவதற்கு முன் அதிர்வெண் 2.48 ஹெர்ட்ஸ்; ஆரம்ப வெட்டுகளுக்குப் பின் 2.52 என்றே வந்தது. கர்டரின் அடிப்பட்டையான கீழ் ஃபிளேஞ்ச் முழுதும் அறுந்த பிறகுதான் 2.30 ஆயிற்று. அவ்வளவு பெரிய சேதத்துக்கே 7 சதவீதம்தான் என்றால், உன் 3 சதவீதத்தை உராய்வு தனியாகவே உண்டாக்கியிருக்கலாம்.

ஆகவே ஒற்றை எண்ணை நம்பாதே, அதிர்வெண்ணை வீச்சுக்கு (ஆட்டத்தின் அளவுக்கு) எதிராக வரைபடமாக்கு. லாரியின் கடைசி அச்சு பாலத்தை விட்டு இறங்கியதும் தொடங்கும் தடையற்ற அதிர்வை மட்டும் எடு. அதற்கு முன் எடுத்தால் லாரியின் நிறையும் கணக்கில் சேர்ந்துவிடும். முதல் அதிர்வு வடிவத்தின் அதிர்வெண்ணைச் சுற்றியுள்ள பட்டையை மட்டும் வடிகட்டி எடு. பட்டை மிகக் குறுகினால் வடிகட்டியின் சொந்த ஒலிப்பே பாலத்தின் தணிப்பாக (அதிர்வு அடங்கும் வேகமாக) தெரியும். அதிர்வு சில விநாடிகளில் அடங்கிவிடுவதால் பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியே முறை போதாது. பூச்சியக் கடப்பு நேரங்களிலிருந்தே, அதாவது அலை பூச்சியத்தைக் கடக்கும் நேரங்களிலிருந்தே, கணக்கிடு. உச்சங்களைத் தொட்டுச் செல்லும் உறை வளைகோடு அடுக்குக்குறியாகத் தேயாமல் நேர்கோடாக இறங்கினால், அது உராய்வின் கைரேகை.

வரைபடத்தில் இரண்டு சமதளங்களும் (பேரிங் இறுகியபோது ஒன்று, நழுவும்போது ஒன்று) நடுவே ஒரு முழங்காலும் (வளைவும்) தெரியும். முழங்கால் மட்டும் இடம் மாறினால் பேரிங் மாறியிருக்கிறது: துரு, தூசி, அல்லது டெஃப்லான் குளிரில் கூடுதலாகப் பிடிப்பது. இரண்டு சமதளங்களும் சேர்ந்து இறங்கினால்தான் கர்டரைச் சந்தேகிக்கலாம். அதுவும் ஒரே வெப்பநிலையில் எடுத்த பதிவுகளை ஒப்பிட்டால்தான்.

ஷேக்கர் (பாலத்தை ஒரே அதிர்வெண்ணில் ஆட்டும் கருவி) கிடைத்தால் அந்த அதிர்வெண்ணின் மடங்குகளையும் பார். இருபக்கமும் சமமான உராய்வு மூன்று மடங்கில் உச்சம் தரும். திறந்து மூடும் விரிசல் இரண்டு மடங்கில் தரும். ஷேக்கர் விசையிலேயே அந்த உச்சங்கள் இருக்கின்றனவா என்று முதலில் சரிபார்.

நான் அதிகம் அஞ்சுவது இதன் மறுபக்கத்தை. துருப்பிடித்து இறுகிய பேரிங் அதிர்வெண்ணை ஏற்றி, உண்மையான விரிசலை மறைத்துவிடும். பேரிங்கின் பக்கத்தில் மைக்ரான் அளவில் காட்டும் இடப்பெயர்ச்சி உணரி ஒன்றைக் கட்டாயம் வை. அந்தப் பதிவையும் வெப்பநிலையையும் சேர்த்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அறிக்கையைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்