அவளிடம் ஒரு வார்த்தை கேள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. அக்கா நேற்றுப் பேசினாள், நன்றாக இருக்கிறாள். நீதான் பேச ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நடுவில் போனைப் பார்க்காமல் முழுவதும் படி.

போன முறை வந்திருந்தபோது ஒரு கை தட்டிலும் ஒரு கை போனிலுமாகச் சாப்பிட்டாய். திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டாய். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை. பங்குச் சந்தையே வேண்டாம் என்று சொல்கிற ஆளும் நான் இல்லை. பொருளாதாரப் பாடம் நடத்தியே தலை நரைத்தவள். கல்லூரி முதல் வருஷத்திலேயே எனக்குப் பங்குகளைப் பற்றி விளக்கியவன் நீ. அதை இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இதைக் கேள். பார்பர், ஓடீன் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள், 1991 முதல் 1997 வரை ஒரு தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 35,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாங்கியதையும் விற்றதையும் அலசி, 2001-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றிருந்தார்கள். அப்படிச் செய்ததாலேயே ஆண்களுக்கு வருஷத்துக்கு 2.65 சதவீதப் புள்ளி வருமானம் குறைந்தது. பெண்களுக்குக் குறைந்தது 1.72. இதனால் ஆண்களுக்குப் பங்கைப் பொறுக்கத் தெரியாது என்று ஆகிவிடாது. அதில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். மாற்றும்போதெல்லாம் தரகுக்கூலி போகிறது. போதாக்குறைக்கு, விற்றது ஏறுகிறது, வாங்கியது அப்படியே கிடக்கிறது. தனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்புதான் காரணம் என்கிறார்கள் அந்த இருவரும்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணமாகாத ஆண்கள், கல்யாணமாகாத பெண்களைவிட 67 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். கல்யாணமானவர்களிடம் அந்த இடைவெளி குறைவு. கூட ஒரு ஆள் இருந்தால் கை கொஞ்சம் அடங்கும் போலிருக்கிறது. கூட இருக்கிறவளுக்கு விஷயம் தெரிந்தால்தானே அடங்கும்? பெரியப்பா கதை நம் எல்லோருக்கும் தெரியும். கடைசியாகத் தெரிந்தது பெரியம்மாவுக்குத்தான்.

அவளிடம் ஒரு வார்த்தை கேள். "அவளுக்கு ரிஸ்க் என்றாலே பயம்மா" என்று மருமகளைப் பற்றி ஒரு தடவை சொன்னாய். பயமா, தயக்கமா, கணக்குப் பார்க்கிறாளா என்று நீ எப்படிக் கண்டாய்? நிடர்லி, வெஸ்டர்லண்ட் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களையும் பெண்களையும் உட்கார வைத்து இரண்டு இலக்க எண்களைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டுவதில் ஆண், பெண் வித்தியாசமே இல்லை. அடுத்த சுற்றில், விடைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம், அல்லது நாலு பேரில் முதலாவதாக வந்தால் மட்டும் நாலு மடங்கு வாங்கலாம் என்றபோது, ஆண்களில் 73 சதவீதம் பேர் போட்டிக்குப் போனார்கள். பெண்களில் 35 சதவீதம் பேர்தான் போனார்கள். சுமாராகக் கூட்டிய ஆண்கள் பாய்ந்து போனார்கள், நன்றாகக் கூட்டிய பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். இரண்டுமே நஷ்டம்தான். ஒதுங்கியதைப் பயம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். பாய்ந்ததற்கு என்ன பெயர் வைப்பது, நீயே சொல்.

பிறவிக் குணம் என்று தப்பித்துக்கொள்ளாதே. தான்சானியாவின் மாசாய் மக்களிடமும் மேகாலயாவின் காசி மக்களிடமும், வாளியில் பந்து எறிய வைத்து இதேபோலச் சோதித்தார்கள். மாசாய்களில் போட்டியைத் தேர்ந்தெடுத்த ஆண்கள் 50 சதவீதம், பெண்கள் 26. சொத்து தாய்வழியில் போகிற காசிகளில் அது தலைகீழ், பெண்கள் 54, ஆண்கள் 39. வளர்ப்புக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள். உன் அக்கா கைச்செலவுக்கு வாங்கியதையெல்லாம் நோட்டில் எழுதிக் காட்டுவாள். உன்னிடம் யாரும் நோட்டைக் கேட்டதில்லை. அது யார் தப்பு என்று இப்போது ஆராய வேண்டாம். ஆண் என்றால் இப்படித்தான், பெண் என்றால் அப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை. உன் அத்தையைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி வெகுநேரம் விழித்திருக்காதே, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை கேள் என்பதைத் திரும்பவும் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

அப்புறம், என் பெயரில் இருக்கிற வைப்புத்தொகை எப்போது முதிர்கிறது என்று அக்காவிடம் விசாரித்தாயாமே. என்னிடமே கேட்டிருக்கலாம். அதன் ரசீதைப் படம் எடுத்து மருமகளுக்கு அனுப்பியிருக்கிறேன், தேதி அதில் இருக்கிறது. பணம் எதற்கு என்று முதலில் அவளிடம் சொல். எவ்வளவு போயிருந்தாலும் நான் திட்டமாட்டேன், அப்பாவிடமும் மூச்சு விடமாட்டேன். சொல்லி முடித்த பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னைக் கூப்பிடுங்கள். நீ மட்டும் கூப்பிட்டால் பணத்தைப் பற்றிப் பேசமாட்டேன்.

அன்புடன்,
அம்மா