கோரைச் சிலுவை

என்னிஸ், அயர்லாந்து,
பிப்ரவரி 1

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி அம்மாவின் பழைய சால்வையை வெளியே கொடியில் போட்டு வைத்தேன். தூறலில் எதற்கு என்று கத்தினாள். ஜனவரி 31 ராத்திரி அயர்லாந்துக்காரர்கள் கும்பிடும் புனித பிரிஜிட் இந்த வழியாகப் போவாராம், வெளியே கிடக்கிற துணியைத் தொட்டு ஆசீர்வதிப்பாராம். அப்புறம் தலைவலிக்கு அதைக் கட்டினால் போதுமாம். பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னது. இன்று காலை அம்மா அதைத் தலையில் சுற்றிக்கொண்டுதான் காபி போட்டாள். கேட்டால் குளிருக்காம்.

பாட்டியிடம் பிரிஜிட் சிலுவை பின்னவும் கற்றுக்கொண்டேன். நீ மூன்றாம் வகுப்பில் ஒன்று செய்து வந்தாயே, வீடு மாறும்போது காய்ந்த புல்தானே என்று நான் குப்பையில் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. இவர்கள் பழசைக்கூடத் தூக்கிப் போடுவதில்லை. வீடு தீப்பிடிக்காமல் காக்கும் என்று கூரையில் செருகிவிடுகிறார்கள். பாட்டி வீட்டு உத்திரத்தில் கரி படிந்து எத்தனை தொங்குகின்றன! ஷானன் விமான நிலையம் போகிற வழியில், லாட்டூனில் அந்த முட்செடியைக் காட்டுவேன் இல்லையா? தேவதைகள் கூடுகிற செடி, தொடாதீர்கள் என்று 1999இல் கதைசொல்லி எடி லெனிஹன் போராடி, சாலையே அதற்கு ஒதுங்கிப் போனது. அந்த ஊரில் இருந்துகொண்டு நான் செய்த காரியத்தைப் பார்.

சரி, ஒன்று அனுப்பலாம் என்றால் ஆஸ்திரேலியாவில் புல், செடியைத் தபாலில் லேசில் விடமாட்டார்கள். நீயே செய்துகொள். நம்மூர்க் கோரை மாதிரி ஈரமண்ணில் வளர்கிற தண்டு வேண்டும், இருபது போதும். கத்தி வைக்காதே, கையால் பிடுங்க வேண்டுமாம். பத்தமடைப் பாய்க்குக் கீறுகிற மாதிரி கீறவும் வேண்டாம். ஒன்றை நேராகப் பிடி. இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் நடுவில் மாட்டி இறுக்கு. கால் வட்டம் திருப்பு. அடுத்ததை முன்னதன் மேல் மடித்து மாட்டு. திருப்பிக்கொண்டே போனால் நடுவில் சதுரம் விழும். கடைசியில் நாலு கையையும் நூலால் கட்டு. ஈரம் காய்ந்தால் தண்டு ஒடியும், எனக்கு ஆறு ஒடிந்தது.

என்னுடையதை வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கிறேன். ஒரு கை மட்டும் நீளம். வெட்டிச் சரிசெய்யப் போனேன், அம்மா கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டாள்.

அன்புடன்,
அப்பா