விடைத்தாள் கொடுக்கும் நாள்: பத்தாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

காலாண்டு விடைத்தாள் கட்டோடு வகுப்புக்குள் நுழையப் போகிறீர்கள். பொதுத்தேர்வில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழ்நாடு அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. வகுப்பறையில் மட்டும் மதிப்பெண்ணை உரக்க வாசித்து, ஒவ்வொருவராக எழுந்து வந்து தாளை வாங்க வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. இந்த முறை அதை விட்டுவிடுங்கள். மொத்த மதிப்பெண்ணை முகப்பில் போடாமல் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். மொத்தத்தை முதலில் பார்த்துவிட்ட பிள்ளை திருத்தத்தைப் படிப்பதே இல்லை.

பயம் தாளிலேயே தெரியும். வெறுமையாக விட்ட ஐந்து மதிப்பெண் கணக்கின் ஓரத்தைப் பாருங்கள். பென்சிலால் போட்டுப் பார்த்து, அழித்து, தாள் நைந்துபோயிருக்கும். உற்றுப் பார்த்தால் முதல் இரண்டு படிகள் சரியாகவே இருக்கும். தப்பாகிவிடுமோ என்று அழித்ததில் படி மதிப்பெண்ணும் போயிற்று. தெரியாமல் விட்டதற்கும் பயந்து விட்டதற்கும் பூஜ்யம்தான், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல. பயந்த பிள்ளையிடம் பாடத்தை மறுபடி நடத்திப் பயனில்லை. "தெரிந்த வரை எழுது, எழுதியதை அழிக்காதே" என்று சொல்லி, அடுத்த சிறுதேர்வில் அந்த அரைகுறைப் படிகளுக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும்.

திருத்தும்போது கணக்கு முழுவதையும் குறுக்கே அடிக்காமல், முதல் தவறு நேர்ந்த வரியை மட்டும் அடிக்கோடிடுங்கள். x² − 5x − 6 = 0 என்பதற்கு ஒரு மாணவி (x − 2)(x − 3) என்று எழுதியிருக்கிறாள் என்று வையுங்கள். −2, −3 இரண்டையும் கூட்டினால் −5, அது சரி. பெருக்கினால் +6 வருகிறது, வேண்டியது −6. "கூட்டல் சரி, பெருக்கலில் குறியைப் பார்" என்று ஓரத்தில் எழுதினால் போதும், (x − 6)(x + 1) அவளாகவே கண்டுபிடிப்பாள். பத்து முறை இம்போசிஷன் எழுதச் சொன்னால் கரும்பலகையைப் பார்த்துக் கை எழுதும், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து எண்களை மாற்றி x² + 2x − 15 கொடுத்துப் பாருங்கள். சரியாகப் போட்டால் பழைய தாளிலேயே, பழைய மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள்.

98 எடுத்தவனையும் கவனியுங்கள். "கெட்டிக்காரன்" என்ற பட்டம் அவனுக்குப் பாரம். அடுத்த முறை 95 வந்தால் தாளை வீட்டில் மறைப்பான். எந்தக் கணக்கை எப்படிப் போட்டான் என்பதைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

20 எடுத்தவனை "மெல்லக் கற்போர்" பெஞ்சுக்கு மாற்ற வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து வினாத்தாளைப் பிரித்துக் காட்டுங்கள்: ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, வடிவியலும் வரைபடமும் சேர்த்து 16, ஆக 30. தேர்ச்சிக்கு 35. மீதி ஐந்து எங்கிருந்து வரும் என்று அவனையே சொல்ல விடுங்கள்.

துணைத்தேர்வு எழுதி அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம் என்பதைத் தேர்வு முடிவு வந்த பிறகு ஆறுதலாகச் சொல்லாதீர்கள். இப்போதே, எல்லாருக்கும் பொதுவாக, கால அட்டவணை சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

"இருந்து என்ன பிரயோஜனம்" என்று ஒரு பிள்ளை சொன்னால், பேச்சுக்குச் சொன்னது என்று விட வேண்டாம். அன்று தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெற்றோரை வரவழைத்து, தாளைப் பற்றிப் பேசாமல் பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள். 14417, 104 ஆகிய உதவி எண்களை அவர்கள் கையில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சக கணித ஆசிரியர்கள்