'மனிதக் கை படாத' உப்பளமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தளம் பக்கத்து உப்பளத்தில் நிற்கும் பூநாரைகளின் படம் அழகாக இருந்தது. அதன் கீழே "மனிதக் கை படாத இயற்கை" என்று போட்டிருந்தீர்கள். 30 வருடமாக உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த வரியைப் படித்த பிறகு எனக்குக் காலைச் சாயா இறங்கவில்லை.

என் அப்பா அந்த அளத்தில்தான் வேலை பார்த்தார். மழைக்காலம் முடிந்ததும் வரப்பைச் சரிசெய்து, பாத்தியை மிதித்து மிதித்துத் தரையை இறுக்குவார்கள். அப்புறம் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிட்டு, விளைந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிப்பார்கள். அப்பாவின் குதிகால் வெடிப்பில் ஒரு ரூபாய் நாணயம் செருகினால் நிற்கும். ராத்திரி அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிக் கட்டிவைத்த உப்புத் தண்ணீரில்தான் பூநாரைக்கு இரையாகும் பாசியும் பொடி இறாலும் வளர்கின்றன. நீங்கள் படம் பிடித்த இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையிலிருந்து வருவது என்று உங்களுக்குத் தெரியாததல்ல.

சென்னையிலிருந்து வந்த பேத்தியைப் போன மாதம் அங்கே அழைத்துப் போனேன். "பாட்டி, இவ்வளவு சதுரத்தையும் யாரு வரைஞ்சா?" என்று கேட்டாள். ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது உங்கள் நிருபருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம். பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று பைக்குகள் வரப்பின்மேல் ஏறி வந்தன. பறவைகள் மொத்தமாக எழும்பிவிட்டன. டயர் பதிந்த இடத்தில் வரப்பு சரிந்து தண்ணீர் ஒழுகியது. குனிந்து இரண்டு கை மண் அள்ளி வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

உழைத்தவர்களை மறப்பது இன்று நேற்று வந்ததல்ல. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது மாவட்டமே கொண்டாடியது. அவையும் நெல் விளைய நம் முன்னோர் வெட்டிய குளங்கள்தான். வெட்டியவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? நால்வழிச்சாலைக்காக நம் குளங்களில் மண் கொட்டியபோதும் பறவைகளுக்காகப் பேசச் சிலராவது இருந்தார்கள், பாசனம் நம்பிய விவசாயியை யாரும் கேட்கவில்லை. படகு போக்குவரத்துக்காக 1860-இல் வெட்டத் தொடங்கிய ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய் பல இடங்களில் குப்பை கொட்டும் இடமாகிவிட்டது. அதைத் தோண்டிய கைகளையும் மறந்தாயிற்று.

நான் கேட்பது பெரிதல்ல. அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்புப் போடுங்கள். வரப்பு தொடங்கும் இடத்தில் பைக் ஏறாதபடி இரண்டு கல் நடவும், இது உப்புத் தொழிலாளர்கள் உண்டாக்கிய இடம் என்று தமிழில் ஒரு பலகை வைக்கவும் சம்பந்தப்பட்டவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகள்,
புத்தளம், கன்னியாகுமரி மாவட்டம்.