கொல்லையில் ஒரு நீச்சல் குளம்

சிட்னி,
டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். கொல்லையில் போட்டிருக்கிற நீச்சல் குளத்தைப் பற்றிப் போனில் நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டபோது பிள்ளைகள் நடுவில் புகுந்து கத்தியதில் ஒன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

குளம் வெட்டவில்லை அப்பா. இது தரைக்கு மேலே நிற்கிற வகை. இரும்புத் தகட்டை வட்டமாக நிறுத்தி, உள்ளே லைனர் என்கிற கெட்டியான வினைல் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் நிரப்புகிறார்கள். குறுக்கே நாலரை மீட்டர், தண்ணீர் 1.1 மீட்டர் ஆழம். பள்ளம் தோண்டிக் கான்கிரீட் போடுவதற்கு எங்களிடம் பணமும் இல்லை, அத்தனை மாதம் காத்திருக்கப் பொறுமையும் இல்லை. இங்கே டிசம்பரில்தான் கோடை தொடங்குகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதே. அதற்குள் முடித்தாக வேண்டும் என்று பெரியவன் நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

குளத்தைவிட அதைச் சுற்றிய வேலிதான் பெரிய வேலை. இந்த மாநிலத்தில் 1992-லேயே நீச்சல் குளத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும் என்றால், காற்றடித்து வைக்கிற பிளாஸ்டிக் குளத்துக்குக்கூட வேலி கட்டாயம். வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கம்பிக்குக் கம்பி 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து இருக்கக் கூடாது, அடியிலும் அப்படித்தான். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கையை எடுத்ததும் தானாகச் சாத்திக்கொண்டு தாழ் விழ வேண்டும். வேலியை ஒட்டி நாற்காலியோ பூந்தொட்டியோ வைக்கக் கூடாது. பிள்ளைகள் அதில் ஏறித் தாண்டிவிடுவார்களாம். நான் ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டிகள் எல்லாம் இப்போது வாசல் பக்கம் வந்துவிட்டன. இதுபோக, மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்வது எப்படி என்று படம் போட்ட பலகையைக் குளத்தருகே மாட்ட வேண்டும். அரசாங்கப் பதிவேட்டில் குளத்தைப் பதிய வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை அலுத்துக்கொண்டார். எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருக்கிறது. சின்னப் பிள்ளை தண்ணீரில் மூழ்கும்போது பெரும்பாலும் சத்தமே வராது. சினிமாவில் வருவது மாதிரி கையை ஆட்டிக் கூப்பிடுவதெல்லாம் கிடையாது. பிள்ளைகள் உள்ளே இருக்கும்வரை ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், போனைத் தொடக் கூடாது. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பாப்பாவைப் பற்றி அம்மா கவலைப்படுவது எனக்குத் தெரியும். இதைப் படித்துக் காட்டுங்கள்.

அப்புறம் தரை. இதைக் கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். இந்த அளவுக் குளத்தில் ஏறக்குறைய 17,500 லிட்டர் தண்ணீர் நிற்கும், அதாவது பதினேழரை டன். தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அத்தனை பாரமும் அந்தப் பக்கத்துச் சுவரை அழுத்தும். மேடான இடத்தைச் செதுக்கித்தான் மட்டம் பண்ண வேண்டும், பள்ளத்தில் மண்ணைக் கொட்டி நிரவக் கூடாது. கொட்டிய மண் பாரத்தில் அமுங்கிவிடும். நீளப் பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்து எல்லாத் திசையிலும் பார்த்தோம். கல், வேர் எல்லாம் பொறுக்கி எடுத்து, சலித்த மணலைப் பரப்பி, அதன் மேல் லைனரை விரித்தோம். முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் பிள்ளைகளை உள்ளே இறக்கி, வெறுங்காலால் சுருக்கங்களை ஓரத்துக்குத் தள்ளச் சொன்னோம். தண்ணீர் ஏறிவிட்டால் பிறகு சுருக்கம் அசையாது. அவர்களுக்கு அதுவே பெரிய விளையாட்டு.

தண்ணீர் குழாயில் வருவதுதான். சிட்னிக்கு வருகிற தண்ணீரில் பெரும்பகுதி வாரகாம்பா அணையிலிருந்து வருகிறது. தோட்டத்துக் குழாயில் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தாலும் நிரம்ப 19 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மோட்டார் போட்டு வயலுக்குப் பாய்ச்சும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுவீர்கள்?" என்று கேட்டீர்கள். மாற்றவே மாட்டோம் அப்பா. பம்ப் தினமும் சில மணி நேரம் ஓடித் தண்ணீரை மணல் வடிகட்டி வழியாகச் சுற்ற விடும். கிருமிக்குக் குளோரின். அதை வெயில் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் பொழுது சாய்ந்த பிறகு போடுகிறோம், அது நிற்பதற்கு ஸ்டெபிலைசர் என்று ஒரு தூளும் சேர்க்கிறோம். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் என்கிற அளவு 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் குளோரின் சரியாக வேலை செய்யாது, அப்போது கொஞ்சம் ஆசிட் விட வேண்டும். ஆசிட்டும் குளோரினும் ஒன்றோடொன்று கலந்தால் விஷ வாயு கிளம்பும். அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பூட்டி வைத்திருக்கிறோம். குளம் என்றாலே மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அது குளோரின் அதிகமானதால் வருவது இல்லையாம். வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டாவதாம். இதைச் சொன்ன நாளிலிருந்து பெரியவன் குளத்தில் இறங்குவதற்கு முன்னால் தவறாமல் பாத்ரூம் போகிறான்!

ஆவியாகிப் போவதுதான் நஷ்டம். ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே சுமார் 160 லிட்டர் போய்விடும். குளிக்காத நேரத்தில் மூடி வைக்கிறோம்.

நீங்கள் வந்தால் பாப்பாவுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கலாம். பெரியவனுக்குப் பள்ளியிலேயே இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் ஒன்று, கிணற்றில் குதித்த பழக்கத்தில் இதில் தலைகீழாகப் பாயக் கூடாது. இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர், கழுத்து எலும்பு முறிந்துவிடும். ஏணி இருக்கிறது, அதில் இறங்குங்கள்.

சேலையோடு இறங்கலாமா என்று அம்மா கேட்டாளாம். வேண்டாம். காலில் சுற்றிக்கொள்ளும், பருத்தி நூல் பிரிந்து வடிகட்டியையும் அடைக்கும். இங்கே வெயிலுக்குப் பயந்து ஆண்களும் பெண்களும் முழுக்கை நீச்சல் சட்டை போடுகிறார்கள். அதற்குத் தோதாக முழுக்கால் பேன்ட்டும் கிடைக்கும். அம்மாவின் தோள் அளவையும் இடுப்பளவையும் அடுத்த தடவை போனில் சொல்லுங்கள், வாங்கி வைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்