பூலாம்பட்டிப் படகுப் பயணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மேட்டூருக்குக் கீழே காவிரியில் உள்ள பூலாம்பட்டிக் கரையில் நம் துடுப்புப் படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காட்டி, 'முன்பணத்தை வாங்கிக்கொண்டு, வெயில் அடிக்கிற நாளில் வெள்ளம் என்று கதை விடுகிறார்கள்' என்று ஒருவர் பேசும் காணொளி சேலத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. தாங்களும் பார்த்திருப்பீர்கள்.

அன்று சேலத்தில் வெயில் அடித்தது உண்மைதான். ஆனால், குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையால் கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, அங்கே திறந்துவிடப்படும் நீர் ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வந்து சேரும்போது, அணை ஏற்கெனவே 120 அடியைத் தொட்டிருந்தால், வருகிற நீரை அப்படியே வெளியேற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆற்றின் குறுக்கே மதகுகளோடு கட்டப்பட்டுள்ள கதவணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால்தான் பூலாம்பட்டியில் காவிரி ஏரிபோல் அசையாமல் கிடக்கிறது. மேட்டூரிலிருந்து வரும் வெள்ளத்துக்காக அதன் மதகுகளை உயர்த்திவிட்டால் அதே இடத்தில் நீரின் இழுப்பு பிடித்துக்கொள்ளும். நீர் செம்மண் நிறமாகும், ஆகாயத்தாமரைத் திட்டுகள் வேகமாக மிதந்து வரும். அந்த இழுப்பில், கதவணை இருக்கும் திசைக்குப் போகாமல் படகைத் திருப்ப, புதிதாகத் துடுப்புப் பிடிப்பவரால் முடியாது. நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகே நிறுத்தப்பட்டிருந்த நாள் அது. அந்த விசைப்படகு மட்டும் காணொளியில் எங்கும் விழாதபடி எடுக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டுகிறேன்.

அதே நாளில் ஏற்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர், ஆற்றை ஒரு முறை பார்த்துவிட்டு, கரையோரக் கடையில் மீன் வறுவல் சாப்பிட்டு, 'தண்ணீர் வடிந்ததும் சொல்லுங்கள்' என்று கூறிச் சென்றார்கள். அவர்களைப் போலவே செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் அஸ்தம்பட்டியிலிருந்தும் பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பிவரும் பெற்றோர் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பரிசல் ஓட்டிப் பழகிய நம் மூத்த வழிகாட்டி, மகனோடு திருப்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நிறத்தைப் பார்த்தே நீர்வரத்தைக் கணித்துச் சொல்லும் அவருக்கு ஈடான ஆள் அமையும் வரை ஞாயிறு மாலைப் பயணம் இருக்காது. மிதவை அங்கிகளைப் புதிதாக வாங்க வேண்டியிருந்ததால் கட்டணம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் கூடுகிறது. ஆற்று நிலையால் பயணம் நின்றால் முன்பணம் வேறு தேதிக்கு மாற்றித் தரப்படும். ரொக்கமாகத் திருப்புவது இனி இல்லை.

மேட்டூரில் நீர் திறப்பு கூடும் நாட்களில், எடப்பாடியைத் தாண்டுவதற்கு முன் நம் படகுக் கடைக்கு ஒரு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உரிமையாளர்